பிரியாவிடை மடலில் ஒன்பது ப்ரொஃபவுண்ட்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஒரு மெல்லிய பலகையில் நின்றுகொண்டுதான் பல்லேகமவில் மூன்று வருடத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. நான் பிறந்ததும் படித்ததும் மாத்தளை டவுனில். அப்பா வடக்கிலிருந்து கிளார்க்காக வந்து அங்கேயே தங்கிப்போனவர். எண்பத்துமூன்றாம் வருடக் கலவரத்தில் எங்கள் தெரு எரிந்த பிறகு அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் வடக்கே போனார்கள். அது பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும் போய்ப் பார்த்த ஒரு வீடு. என் நியமனக் கடிதம் வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "கவுண்மெந்து வேலைய விட்டுட்டு வந்துறாத" என்றார் அப்பா. வேலை என்னைப் பல்லேகமவுக்கு அனுப்பியது.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறி, பனிக்குள் புகுந்து, மறுபக்கம் இறங்கினால் பல்லேகம. வயல், ஆறு, ஒரு பொலிஸ் நிலையம், எங்கள் கந்தோர் என்கிற ஆபீஸ், பத்துப் பன்னிரண்டு கடை. பிற்பகல் மாத்தளை பஸ் போய்விட்டால் ஊர் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேச இரண்டே பேர். நான் ஒருவன். நான் குடியிருந்த அறைக்கு முன்னால் சில்லறைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மற்றவர். அவரும் வியாழக்கிழமை சாமான் எடுக்கப் போனால் வெள்ளி ஜும்மா முடிந்துதான் திரும்புவார். வாரத்தில் அந்த ஒன்றரை நாள் நான் தமிழில் வாய் திறப்பது பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்துத் திட்டத்தான்.

கந்தோரில் எல்லாம் சிங்களம். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆகவே கீழே கந்தோர் ஆட்கள் பேசுவதையெல்லாம் என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.

சின்னக் குளங்களையும் அணைகளையும் திருத்துகிற வேலை. வெளிநாட்டு உதவி வந்ததால் மாதாமாதம் ஒரு ரிப்போட் இங்கிலீஷில் போகவேண்டும். நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கே எங்கள் கந்தோர்ப் பெரியவர் என் பெயரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஐசே, நீங்க யாப்பாணத்து ஆளுங்க தானே? அப்ப இங்கிலீஷ் பிரச்சினை முடிஞ்சிது."

யாழ்ப்பாணத்தை நான் வாழ்நாளில் நாலு தடவைதான் பார்த்திருந்தேன். படித்தது முழுக்கத் தமிழில். இங்கிலீஷில் எனக்குக் கிடைத்த சாதாரண பாஸ், பரீட்சை மண்டபத்தில் முன்னால் இருந்தவனின் கையெழுத்து தெளிவாக இருந்ததால் கிடைத்தது. இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். "ஓம் சேர்" என்று வந்தது.

அந்த "ஓம் சேர்" வீண்போகவில்லை. இரண்டாம் மாதம் பொலிஸிலிருந்து வந்து, இங்கே ஒரு தமிழ் ஆள் இருக்கிறானாமே, எதற்கு, என்று கேட்டார்கள். பெரியவர் தேநீர் கொடுத்துச் சொன்னார்: "அவரு நம்ம இங்கிலீஷ் ஆளு. அவரு இல்லன்னா ரிப்போட் போகாது." அவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகும் பொலிஸோ ஆமியோ எப்போது வந்தாலும் பெரியவர் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் ஜீப்புக்கும் நடுவே இருந்தது அந்த வாக்கியம் மட்டும்தான். அது பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தைரியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டால் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு ரெக்கோட் அறைக்குள் போய்விடுவேன். மிக அவசரமாகத் தேடவேண்டிய ஏதோ ஒன்று அங்கே எப்போதும் இருக்கும். ஒருநாள் அப்படிப் போய் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். பழைய ஃபைல் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. வெளியே பூட்ஸ் சத்தம். அந்த நேரம் பார்த்து எங்கள் டைப்பிஸ்ட் மிஸ் மடமடவென்று டைப் அடிக்கத் தொடங்கினார். மெசின் துப்பாக்கி மாதிரி. என் தும்மல் எல்லாம் அதற்குள் அமுங்கிப்போயிற்று. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால், வந்திருந்தவர் எருமைகளுக்கு ஊசி போடுகிற மிருக வைத்தியர். டைப்ரைட்டரில் காகிதமே இல்லை.

"யாரையோ தேடினீங்க போல" என்றார் மிஸ், தலையைத் தூக்காமல்.

"ஒரு பழைய ஃபைல், மிஸ்."

"கெடைச்சிதா?"

"தும்மல்தான் கெடைச்சிது."

அவர் சிரிக்கவில்லை. மெசினுக்கு உறையைப் போட்டார். பிறகு நான் எத்தனை தடவை ரெக்கோட் அறைக்குள் போனேனோ, அத்தனை தடவையும் காகிதமில்லாமல் டைப் அடித்தார். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இரண்டு மேசைக்கும் நடுவில் ஆறடி இடைவெளி. பகல் சாப்பாட்டில் அவர் சில நேரம் பலாப்பிஞ்சில் வைத்த பொலோஸ் கறியில் ஒரு துண்டை என் பார்சலின் ஓரத்தில் வைப்பார். நான் ஒரு பகிடி சொல்லுவேன். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். ஆனால் பல்லேகமவில் எனக்கு அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை.

ரிப்போட் போகிற முறை இப்படி. நான் பென்சிலால் பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதி மிஸ்ஸின் தட்டில் போடுவேன். அவர் காபன் வைத்து மூன்று பிரதி அடிப்பார். பெரியவர் படிக்காமல் கையெழுத்து வைப்பார். மாத்தளைக்குப் போகும் பையில் அது போய்விடும். டைப் அடித்ததை நான் ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. குற்றம் செய்தவன் செய்த இடத்தை ஏன் திரும்பிப் பார்க்கவேண்டும்?

அந்தச் சொல் எனக்கு ஒரு வெளிநாட்டு ஆலோசகரின் கடிதத்தில் கிடைத்தது. ரிப்போட்டுகளுக்குத் தன் ப்ரொஃபவுண்ட் நன்றி என்று எழுதியிருந்தார். என் ரிப்போட்டுகளுக்கு. எனக்கு உடம்பு ஒரு அங்குலம் உயர்ந்தது. அறைக்குப் போய் அட்டை கழன்ற அகராதியைத் திறந்தேன். ஆழமான. ஆழ்ந்த. ஆழ்ந்த அறிவுள்ள. எளிதில் விளங்காத. வணக்கமானால், மிகத் தாழ்ந்த. உறக்கமானால், அயர்ந்த. கடைசியில், சின்ன எழுத்தில், அடி காணமுடியாத ஆழம், ஆழ்கடல்.

தனியாக இருக்கிறவனுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. மற்றச் சொல்லெல்லாம் ஒரு வேலைக்கு ஒன்று. இது நம் வீட்டுப் பெரிய சட்டி மாதிரி, சோறும் வடிக்கலாம், தண்ணியும் காய்ச்சலாம், மழை ஒழுகினால் கீழேயும் வைக்கலாம். பஸ் போன பிறகு ஊரில் இருக்கும் அமைதிக்கு அதுதான் பெயர் என்று கண்டுபிடித்தேன். பொலிஸ்காரர் வந்தால் நான் போடுகிற கும்பிடுக்கும் அதுதான். பெரியவர் வாயைத் திறந்து தூங்குகிற பகல் தூக்கத்துக்கும். ஒரு வாரம் அந்தச் சொல்லோடுதான் குடித்தனம் நடத்தினேன். நானாவிடமும் சொன்னேன்.

"அப்ப அறிவாளிக்கும் அதுதான், கெணத்துக்கும் அதுதானா?" என்றார் நானா, சீனி நிறுத்துக்கொண்டே.

"ஆமா நானா."

"நல்ல சொல்லுதான் தம்பி. ஆனா எல்லாத்துலயும் போட்டுக் கலக்கிராதீங்க. சீனியும் அளவாத்தான் ஈக்கணும்."

நான் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் மிஸ்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை குருநாகல் பக்கம். அங்கேயே மாற்றமும் கிடைத்தது. செய்தியைக் கேட்டதும் நான் முதலில் வாழ்த்துச் சொன்னேன். பிறகு ரெக்கோட் அறைக்குள் போய் நின்றேன். அன்றைக்கு ஜீப் ஒன்றும் வரவில்லை.

பிரியாவிடைக்கு ஒரு மடல் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் கந்தோர் வழக்கம். கண்டியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பிரதம விருந்தினராக வருகிறாராம். "ஐசே, இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றார் பெரியவர். மிஸ் சிங்களவர், கந்தோர் சிங்களம், ஏன் இங்கிலீஷ் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சிங்களத்துல எழுதினா எல்லாருக்கும் வெளங்கிருமே. அப்புறம் அதுல என்னா மரியாதை?"

இன்னொரு விஷயமும் சொன்னார். மடல் ரகசியமாக இருக்கவேண்டும். கந்தோரில் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் மிஸ். ஆகவே இதை டைப் அடிக்க முடியாது. நான் எழுதுகிற தாளைப் பியோன் மாத்தளைக்குக் கொண்டுபோவார். சாமிப்படம் சட்டம் போடுகிற கடையில் ஒருவர் தங்க மையால் அழகாக எழுதித் தருவார். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்று வருடமாக என் இங்கிலீஷ் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் போய்ப் பாராட்டு வாங்கி வந்ததல்லவா.

சனிக்கிழமை பகல் முழுதும் உட்கார்ந்து எழுதினேன். எழுத நினைத்தது ஒன்றுதான்: நீங்கள் போனால் இங்கே எனக்கு யாரும் இல்லை. ஒரு கந்தோர் மடலில் அதை எழுத முடியுமா? அதுவும் கல்யாணப் பெண்ணுக்கு, அதுவும் நான்? ஆகவே எங்கெல்லாம் நெஞ்சு அடைத்ததோ அங்கெல்லாம் ப்ரொஃபவுண்ட் போட்டேன். அந்தச் சொல் எதையும் தாங்கும் என்று நம்பினேன்.

விழா நாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாற்சோறு, கொக்கிஸ், வாழைப்பழம். மிஸ் வெள்ளைச் சேலையில் முன்வரிசையில். சட்டம் போட்ட மடல் மேசைமேல் நின்றது. சுற்றிலும் தாமரைப்பூ. லட்சுமி உட்காரவேண்டிய இடத்தில் என் இங்கிலீஷ் உட்கார்ந்திருந்தது. நான்தான் வாசிப்பேன் என்று இருந்தேன். பெரியவர் மரியாதைக்காக அதைப் பிரதம விருந்தினர் கையில் கொடுத்துவிட்டார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டார். முதல் வரியைத் தனக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"உங்கள் ப்ரொஃபவுண்ட் விரல்கள்" என்று ஆரம்பித்தது. அவர் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்துச் சிங்களத்தில் அர்த்தமும் சொன்னார். அதாவது, சொல்ல முயன்றார். ஆழமான விரல்கள். உங்கள் ப்ரொஃபவுண்ட் பொலோஸ் கறி. எளிதில் விளங்காத பலாக்காய். உங்களுக்குக் கிடைக்கப்போகும் ப்ரொஃபவுண்ட் கணவர். "அடி காணமுடியாத மாப்பிள்ளையோ?" என்று அதிகாரி கேட்டபோது சபை சிரித்தது. ப்ரொஃபவுண்ட் குருநாகல் வந்தபோது பெரியவரும் சிரித்தார், காரணம் தெரியாமல்.

எனக்கு வியர்த்தது. முதுகில் தொடங்கிக் காலுறை வரைக்கும் போயிற்று. ஏதோ தப்பு நடந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. மடியில் சேலைக்கு மேல் அவர் விரல்கள் அசைந்தன. அதிகாரி வாசிக்க வாசிக்க அவர் மடியில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். ப்ரொஃபவுண்ட் வருகிற இடத்தில் விரல் நிற்கும், பின்னால் போகும், வேறு ஏதோ அடிக்கும், திரும்ப ஓடும். தப்புத் தப்பாக ஒரு வரி வந்தால் முழுவதையும் புதிதாக அடிப்பார். பழகிய கை. மூன்று வருடம் பழகிய கை.

அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. ஆலோசகர் யாருக்கு நன்றி எழுதினார் என்று விளங்கியது. என்னுடைய ஒரு வரிகூட பல்லேகமவைத் தாண்டிப் போகவில்லை என்றும் விளங்கியது.

அதிகாரி கடைசி வரிக்கு வந்தார். நீங்கள் போன பிறகு இந்தக் கந்தோர் ப்ரொஃபவுண்டாக இருக்கும். ஒன்பதாவது. அதற்குத்தான் அதிகம் சிரித்தார். மற்றவர்களும். மிஸ்ஸின் விரல் மட்டும் நின்றுவிட்டது. அதை அவர் திருத்தவில்லை.

அதிகாரி சிரிப்பை நிறுத்திப் பெரியவரிடம் கேட்டார். "ஒங்க கந்தோர் ரிப்போட் எல்லாம் நான் படிச்சிருக்கேன். நல்ல இங்கிலீஷ். இத எழுதினது யாரு?"

பெரியவர் பெருமையோடு என்னைக் காட்டினார். "அதே ஆளுதான் சேர். நம்ம இங்கிலீஷ் ஆளு."

சபை அடங்கியது. அகராதியில் இருந்த அத்தனை அர்த்தத்தோடும் அடங்கியது. அதிகாரி என்னைப் பார்த்தார், மடலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பெரியவரின் அந்த ஒரே வாக்கியம் அவர் கையில் இருந்தது. அவர் நினைத்தால் அதைப் போட்டு உடைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம். அதன் பிறகு ஜீப் வந்தால் பெரியவர் எதைச் சொல்லுவார்? நான் எழும்பி நின்றேன். ஏதாவது சொல்லவேண்டும். தொண்டையிலிருந்து வந்தது தும்மல்.

மிஸ் எழும்பினார். "சேர், இது நான் கேட்டுத்தான் எழுதினது. இவரு எங்க கந்தோர்ப் பகிடிக்காரரு. ரிப்போட் எழுதும்போது ஒழுங்கா எழுதுவாரு. எனக்கு அழுகை வந்துறக் கூடாதுன்னுதான், சிரிக்கிற மாதிரி எழுதுங்கன்னு சொன்னேன்."

பிறகு அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க ஐசே. ப்ரொஃபவுண்ட் பொலோஸ்." எழும்பி வந்து கை கொடுத்தார். என் கை ஈரம். அதையும் ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நான் பகிடிக்காரனாக அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன் நான் பயந்தவன் மட்டும். பிறகு இரண்டு உத்தியோகத்தையும் ஒன்றாகப் பார்த்தேன். இன்றுவரை ஒன்றிலிருந்தும் ஓய்வு கிடைக்கவில்லை.

பிற்பகல் பஸ்ஸுக்கு மிஸ்ஸின் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். மடலை அவர் தானே வைத்துக்கொண்டார். பஸ் ஓரத்தில் நின்றோம்.

"எத்தனை நாளா, மிஸ்?"

"மொதல் ரிப்போட்லயிருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எழுதுறத நிப்பாட்டிருவீங்க. பெரியவரு கேட்டா என்னா சொல்லுவீங்க?" அவர் பஸ்ஸைப் பார்த்தார். "பழைய கொப்பியெல்லாம் என் மேசையில கீழ் லாச்சியில இருக்கு. மாசத்தையும் கொளத்துப் பேரையும் மட்டும் மாத்துங்க. ரிப்போட் எல்லாம் ஒரே மாதிரித்தான். அந்தச் சொல்ல மட்டும் போடாதீங்க."

கண்டக்டர் பெட்டியை வாங்கி மேலே ஏற்றினார். மிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மடலை மடியில் வைத்தார், கண்ணாடிப் பக்கம் தன்னைப் பார்த்தபடி.

"கடைசி வரி மட்டும் எனக்கு வெளங்கல மாத்தயா" என்றார். "அதுல என்னா எழுத நெனைச்சீங்க?"

கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தச் சனிக்கிழமை முழுதும், அதற்கு முன் மூன்று வருடமாக இருந்தது. சிங்களத்தில் நாலே சொல். என் சிங்களத்தில் ஒரு பிழையும் கிடையாது.

"அதுக்கு ஆறு ஏழு அர்த்தம் இருக்கு மிஸ்" என்றேன். "வேண்டியத எடுத்துக்கங்க."

அப்போது அவர் சிரித்தார். மூன்று வருடத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு. அதை ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பஸ் வளைவில் திரும்பிப் போயிற்று. வியாழக்கிழமை. நானாவும் ஊரில் இல்லை.

புதிய டைப்பிஸ்டை அனுப்புவதாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் வரவில்லை. ரிப்போட் நாள் வந்தது. நான் கீழ் லாச்சியைத் திறந்தேன். காபன் பிரதிகள் மாதவாரியாக அடுக்கிக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் என் பென்சில் தாள் குத்தியிருந்தது. என் தாளில் இருந்தது ஒரு பித்துப்பிடித்த மனிதனின் குளம். அவர் பிரதியில் தண்ணீர் இருந்தது, அணை இருந்தது, கமக்காரர்கள் நெல் விதைத்தார்கள்.

மெசினின் உறையைக் கழற்றி, காகிதம் ஏற்றி, இரண்டு விரலால் அவர் வாக்கியத்தைப் பார்த்துத் தட்டினேன். மழை நன்றாகப் பெய்தது என்று வந்தது. அந்த மாதம் ஒரு சொட்டும் பெய்யவில்லை. அவர் எழுதியதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை, மாற்றவும் தெரியாது. அப்படியே அடித்தேன்.

பாதி வரியில் ஜீப் சத்தம் கேட்டது. கால் ரெக்கோட் அறைப் பக்கம் திரும்பியது. திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது. நான் உள்ளே போனால் வெளியே தட்ட ஆள் இல்லை.

உட்கார்ந்தேன். தட்டினேன். பூட்ஸ் சத்தம் உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"யாரு இவரு?"

"அவரு நம்ம இங்கிலீஷ் ஆளு" என்றது பெரியவர் குரல். "அவரு இல்லன்னா ரிப்போட் போகாது."

வந்தவர் குனிந்து என் தோளுக்கு மேலால் காகிதத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். அதில் இருந்த ஒரு சொல்லும் என்னுடையதல்ல, ஆகவே பிழையும் இல்லை. ம், என்றார். நகர்ந்து போனார். பெரியவர் தேநீர் சொன்னார்.

நான் தட்டுவதை நிறுத்தவில்லை. ஜீப் போய், அதன் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேய்ந்த பிறகுதான் காகிதத்தைப் பார்த்தேன். மழை நன்றாகப் பெய்தது என்ற வரிக்குக் கீழே, என் விரல் ஒரே எழுத்தை ஒன்றரை வரிக்கு அடித்திருந்தது. அந்தத் தாளை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதிய தாளை ஏற்றி, மழையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.